வேதியியல் பட்டம் முடித்துவிட்டேன்; அரசுப் பள்ளி ஆசிரியராவதற்கு எந்த வரிசையில் செல்ல வேண்டும்?

தங்கச்சிமடம் கடற்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் இந்த ஆண்டு இளநிலை வேதியியல் முடித்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியிலேயே படித்தேன். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். கல்லூரியில் படித்துக்கொண்டே எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வேளையில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது.

சென்ற வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்து, வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு கல்வியியல் கல்லூரியில் ஆங்கிலவழி பி.எட். இடம் வாங்கித் தருவதாகவும், வகுப்புக்கு வரத் தேவையில்லை, தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்றும் கூறினார். அப்பாவுக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றுகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பி.எட். முடித்தால் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியுமா, ஆசிரியர் தகுதித் தேர்வை (டெட்) அதற்கு முன்னால் எழுத வேண்டுமா பின்னால் எழுத வேண்டுமா என்பவையும் எனக்குத் தெளிவாகவில்லை. பிளஸ் டூ முடிக்கும் என் தங்கையும் இதே வழியில் வர விரும்புகிறாள். பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சாயல்குடி ஓய்வாசிரியர்

அம்மா, உங்கள் மனம் ஒப்பாததே சரி. முதலில் அந்த மனிதரின் பேச்சை எடுத்துக்கொள்வோம். பி.எட். 2015-16 கல்வியாண்டிலிருந்து இரண்டாண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை கட்டாயம். அந்தப் பயிற்சியே மொத்தம் 20 வாரம். வராமலே படிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், வருகைப் பதிவேட்டில் பொய் எழுதப்படும் என்றுதான் அதற்குப் பொருள். அஞ்சல் வழியிலும் பி.எட். உண்டு, ஆனால் அது ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பயிற்சி முடித்துப் பணியில் இருப்பவர்களுக்கும், அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சி ஒன்றை நேரடியாகப் படித்து முடித்தவர்களுக்கும் மட்டுமே. உங்களுக்கு அந்த வழி இல்லை.

அடுத்து, எந்த வகுப்புக்கு எந்தத் தகுதி என்பது. ஒன்று முதல் ஐந்து வரை நடத்துபவர் இடைநிலை ஆசிரியர். அவருக்குப் பிளஸ் டூவும், இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயமும், தகுதித் தேர்வின் முதல் தாளும் வேண்டும். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், பட்டம், பி.எட்., இரண்டாம் தாள். மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியர். அவருக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் போட்டித் தேர்வும் உண்டு. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று 2018இல் ஓர் அறிவிக்கை வந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பி.எட். கொண்டு நீங்கள் ஆறாம் வகுப்புக்குக் கீழே வர இயலாது. சிறு பிள்ளைகள்மீது ஆசை இருந்தால் அதை இப்போதே எடை போட்டுப் பாருங்கள்; இரண்டு ஆண்டு கழித்து அந்த வருத்தம் வரக்கூடாது.

இன்னொன்று, எல்லாவற்றினும் முக்கியமானது. முழுவதும் தமிழ்வழியில் படித்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். அந்த வரியின் மதிப்பு உங்களுக்குத் தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை. அரசுப் பணியிடங்களில் 20 விழுக்காடு தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. அதைப் பெறுவதற்குப் பள்ளிப்படிப்பு, பட்டம் ஆகியவற்றோடு பி.எட்.டும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். இவ்வளவு காலம் தமிழில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு ஆண்டை ஆங்கிலவழியில் முடித்தால், பதினைந்து ஆண்டுப் படிப்பால் கிடைத்த உரிமையைக் கரைக்கு வந்த வலையைக் கடலிலேயே விட்டுவிட்டதுபோல் இழந்துவிடுவீர்கள்.

வாடைக்காற்று

நான் தொண்டிப் பக்கத்தில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். என் பாடமும் வேதியியல்தான். ஐயா சொன்னதோடு தேர்வைப் பற்றிச் சில சொற்கள்.

தகுதித் தேர்வு என்பது வேலைக்கான தேர்வு அன்று. வேலைக்கான தேர்வை எழுத அனுமதி தருகிற தேர்வு. நம் ஊர்களில் பலருக்கு இந்த வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை. 'டெட் பாஸ் பண்ணிவிட்டாள், வேலை எப்போது வரும்' என்று என் சித்தியிடம் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. 2018ஆம் ஆண்டின் 149ஆம் அரசாணைக்குப் பிறகு, தகுதித் தேர்வில் வென்றவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியம் தனியே நடத்தும் நியமனத் தேர்வையும் எழுத வேண்டும். பணி அந்த மதிப்பெண்ணின்படியே. பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்றும், இடைநிலை ஆசிரியர்களுக்கு 2024 ஜூலை 21 அன்றும் நடந்தது. அதன் முதற்பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு: 50 மதிப்பெண், அதில் 20 எடுக்காதவரின் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாடத்தாள் 150 மதிப்பெண்.

தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. வேதியியல் படித்தவர்கள் சறுக்கும் இடம் அந்தக் கடைசி 60தான். ஏனெனில் அதில் வேதியியல் ஒரு சிறு பங்குதான், மீதியெல்லாம் கணிதம், இயற்பியல், தாவரவியல், விலங்கியல். ஆறு முதல் பத்து வரையுள்ள பள்ளிப் பாடநூல்களை வரி விடாமல் படிப்பதைத் தவிர வேறு சூத்திரம் எனக்குத் தெரியாது. நான் முதல் முறை வழிகாட்டி நூல்களை நம்பி எழுதி 79 எடுத்தேன். இரண்டாம் முறை பாடநூல்களை மட்டும் படித்தேன். பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு, அதன் அளவை அவ்வப்போது வரும் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னாலா பின்னாலா என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சியில் சேராதவர் எழுத முடியாது. படித்துக்கொண்டிருப்பவர் எழுதலாம் என்று தேசியக் குழுமத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. எந்த ஆண்டு மாணவர் வரை அனுமதி என்பதை அறிவிக்கை சொல்லும். இடமிருந்தால் எழுதிவிடுங்கள். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், தமிழ்நாட்டில் இந்தத் தேர்வு நடந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 2012, 2013, 2017, 2019, 2022, பிறகு 2025 நவம்பர் 15, 16. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சான்றிதழ் முன்பு ஏழாண்டுக்கு மட்டுமே செல்லுபடியானது; 2021இல் அதை வாழ்நாள் முழுவதற்கும் ஆக்கிவிட்டார்கள். ஆகவே சீக்கிரம் எழுதுவதால் இழப்பு ஏதுமில்லை.

இரண்டாம் தாள் 2013

எல்லாரும் வழியை அழகாகச் சொல்கிறீர்கள். அந்த வழியின் நடுவில் நின்றுகொண்டிருப்பவன் ஒருவனும் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். தேவிபட்டினத்துக்காரன். 2013 ஆகஸ்டில் நடந்த தேர்வில் தேர்ச்சி பெற்றேன். அப்போது நியமனத் தேர்வு கிடையாது, வெயிட்டேஜ் முறை. தகுதித் தேர்வுக்கு 60, பி.எட்.டுக்கு 15, பட்டத்துக்கு 15, பிளஸ் டூவுக்கு 10 என்று கணக்கிட்டார்கள். நான் பிளஸ் டூ எழுதிய காலத்தில் ஆயிரத்தைத் தொட்டவனைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். பின்னால் வந்த பிள்ளைகள் ஆயிரத்து நூறைச் சாதாரணமாக எடுத்தார்கள். இருவரையும் ஒரே தராசில் வைத்தபோது வயதில் மூத்தவர்கள் எல்லாரும் கீழே போனோம். பிறகு அந்த முறையை நீக்கினார்கள்; நீக்கிவிட்டு மறுபடியும் ஒரு தேர்வு எழுதச் சொன்னார்கள். நாற்பதைக் கடந்தபின் இருபத்து மூன்று வயதுக்காரர்களோடு அமர்ந்து எழுதினேன். கிடைக்கவில்லை.

இப்போது ஒரு தனியார் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். சம்பளத்தை இங்கே எழுதினால் அந்தப் பெண் இழையை மூடிவிடுவார். தங்கச்சி, படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படித்து முடித்த மறுநாள் அரசு வேலை என்று யாரும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சாயல்குடி ஓய்வாசிரியர்

தம்பி சொல்வதில் தவறில்லை. உங்கள் தலைமுறைக்கு நேர்ந்தது அநீதி என்றே நானும் கருதுகிறேன். 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் தேறினார்கள் என்பதும், ஒன்றரை மணி நேரத்தில் 150 வினாக்களுக்கு விடையளிக்கச் சொன்னதே அதற்குப் பெருங்காரணம் என்பதும், பிறகுதான் மூன்று மணி நேரமாக்கினார்கள் என்பதும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்று: 2023இல் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பைப் பொதுப்பிரிவுக்கு 53 என்றும் மற்றவர்களுக்கு 58 என்றும் உயர்த்தியிருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாம் தாள் 2013

ஐயா, 57 வயதில் சேர்ந்தால் ஓய்வுபெறும் விழாவுக்கும் வரவேற்பு விழாவுக்கும் ஒரே மாலையைப் போட்டுக்கொள்ளலாம். இருக்கட்டும். அடுத்த முறையும் எழுதத்தான் போகிறேன்.

கீழக்கரைக் கரையோரம்

சிறுபான்மையினர் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் அலுவலகப் பணியில் இருக்கிறேன். நம் கடற்கரையில் தொண்டி, பெரியபட்டினம், கீழக்கரை, பாம்பன் எனப் பல ஊர்களில் இத்தகைய பள்ளிகள் நிறைய இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவிபெறும் பள்ளியில் நிர்வாகமே ஆளைத் தேர்ந்தெடுக்கும். கல்வித் துறை பணி ஒப்புதல் அளித்தால் சம்பளம் அரசிடமிருந்து வரும். தகுதித் தேர்வு இந்தப் பள்ளிகளுக்குப் பொருந்துமா என்ற வினா பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மற்றப் பள்ளிகளில் பணியில் இருப்பவர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் பதவி உயர்வு கேட்காதவரை எழுதத் தேவையில்லை என்றும் கூறிவிட்டு, சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய வினாவை மட்டும் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இதைக் காரணம் காட்டி 'எங்கள் பள்ளியில் டெட் வேண்டாம், சேர்ந்துவிடுங்கள்' என்று எவராவது அழைத்து, அதற்கு ஒரு தொகையும் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். ஒப்புதல் வராத பணியிடத்தில் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் நின்றவர்களை நான் இந்த மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன். எந்தப் பள்ளியாக இருந்தாலும் தகுதித் தேர்வுச் சான்றிதழோடு போகிறவரின் பேச்சுக்குத் தனி எடை இருக்கிறது.

மஞ்சூர் மாணவி

தங்கையைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன், அக்கா. நான் மஞ்சூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கிறேன். நம் மாவட்டத்துக்கான அரசு நிறுவனம் இதுதான். தனியார் நிறுவனத்தோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. முதல் ஆண்டிலேயே பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் நாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்றபோது, நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பு பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மீதி நேரம் முழுவதும் மீன்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி எழுதிப்போட்டேன். பிள்ளைகள் நகரை, ஊளி, பாறை, சூடை, காரல் என்று நிறுத்தாமல் சொன்னார்கள். என் வகுப்பைப் பார்வையிட்ட விரிவுரையாளர் அதையே அடுத்த பாடத்துக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தங்கை பட்டயம் மட்டும் போதும் என்று நின்றுவிடக்கூடாது என்பது என் கருத்து. 2009 ஜூன் 1க்குப் பின் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு நிகரான ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். இன்றைய ஊதியக் கட்டமைப்பில் இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை 20,600. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. இவ்வளவு இடைவெளி இருப்பதால் பட்டயத்தோடு பட்டமும் படிக்க வேண்டியிருக்கும். அவள் நல்ல மதிப்பெண் எடுப்பாள் என்றால், பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு மைசூரு வட்டாரக் கல்வியியல் நிறுவனத்திலும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்டுப் பெறுங்கள்.

வாடைக்காற்று

மஞ்சூர் மாணவி எழுதியதை வழிமொழிகிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. நான்காண்டுப் படிப்பு ஆங்கிலவழியில் நடப்பது. ஐயா சொன்ன தமிழ்வழி முன்னுரிமை தங்கைக்கு அங்கே போய்விடும். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளை நோக்கிப் போவதென்றால் அது பொருட்டில்லை. அங்கே வேண்டியது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நடத்தும் தகுதித் தேர்வு. மாநில அரசுப் பள்ளிதான் குறிக்கோள் என்றால் இரண்டையும் எடை போட வேண்டும்.

தங்கச்சிமடம் கடற்கரை

இத்தனை பேர் நேரமெடுத்து எழுதியதற்கு நன்றி. அப்பாவிடம் ஐயாவின் பதிவைப் படித்துக்காட்டினேன். 'வருகைப் பதிவேட்டில் பொய்' என்ற இடத்தில் நிறுத்தி மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு அந்த மனிதருக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிறு பிள்ளைகளைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். ஆறாம் வகுப்பும் சிறு பிள்ளைகள்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

இப்போது இரண்டு சிக்கல்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எங்கள் வீட்டில் கையில் பணமே இல்லாத மாதங்கள் அவை. கல்லூரிச் சேர்க்கைச் செலவுகள் அதையொட்டியே வருகின்றன. தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று என்று எங்கே வாங்க வேண்டும் என்பதும் தெரியவில்லை. நான் படித்தது மூன்று பள்ளிகள்.

சாயல்குடி ஓய்வாசிரியர்

பணத்துக்கு: அரசுக் கல்வியியல் கல்லூரிக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிக்கும் முதலில் விண்ணப்பியுங்கள். தரவரிசையின்படி இடம் தருவார்கள். கட்டணம் சுயநிதிக் கல்லூரியின் அருகில்கூட வராது. நமக்கு எட்டும் தொலைவில் புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரியும், மதுரையில் உதவிபெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. விடுதிக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பட்டத்தில் உங்கள் மதிப்பெண் விழுக்காடு பி.எட். சேர்க்கைக்குப் போதுமா என்பதையும் உங்கள் பிரிவுக்குரிய குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

சான்றுக்கு: ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் தம் பள்ளியில் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தீர்கள் என்று குறிப்பிட்ட படிவத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும், இ-சேவை வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பட்டத்துக்குக் கல்லூரி தர வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு ஓடாதீர்கள். நான் தலைமையாசிரியராக இருந்தபோது விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின மாலையில் கண் கலங்கி வந்து நின்றவர்கள் பலர். பதிவேடு பழுப்பேறி ஓரம் உதிர்ந்திருக்கும். பெயரின் முதலெழுத்து ஒன்றில் 'செ', இன்னொன்றில் 'ஜெ' என்றிருக்கும். அவற்றையெல்லாம் ஒரே இரவில் திருத்த முடியாது.

வாடைக்காற்று

ஐயா சொன்னதற்கு என் வீட்டிலேயே சாட்சி உண்டு. என் தம்பி இரண்டாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை தமிழ்வழி. ஒன்றாம் வகுப்பு மட்டும் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் ஓராண்டு. பள்ளி வண்டி வாசலுக்கு வருகிறதே என்று அம்மா சேர்த்துவிட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும் என்று விதி வந்தபின், சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த ஓராண்டுக்காக முன்னுரிமையை மறுத்துவிட்டார்கள். வீட்டில் இன்றும் அந்த மஞ்சள் வண்டியைப் பற்றிப் பேச்சு எடுக்கக்கூடாது.

தங்கச்சிமடம் கடற்கரை

இன்று நான் ஒன்று முதல் ஐந்து வரை படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போய்வந்தேன். சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் நகலும் ஆதார் நகலும் கொண்டு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகிற முறை. அப்பா விசைப்படகில் போகிறவர் என்பதால் கரையில்தான் இருப்பார், அவரையும் அழைத்துப்போகிறேன். மற்ற இரண்டு பள்ளிகளுக்கும் அடுத்த வாரம். புதுக்கோட்டைக் கல்லூரிக்கு விண்ணப்பம் தொடங்கியதும் இங்கே வந்து சொல்கிறேன்.